கலக்கம்: ஆற்றுக்கும் மனத்துக்கும் பொதுவான ஒரு சொல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரிப் பாசனப் பகுதியில் தமிழ் கற்பிப்பவர்களும் எழுதுபவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சொற்களில் ‘கலக்கம்’ ஒன்று. ஆறும் கலங்குகிறது, மனமும் கலங்குகிறது, வயிறும் கலங்குகிறது. இந்தச் சொல்லையும் இதன் உறவுச் சொற்களையும் பற்றி வந்த கேள்விகளை இங்கே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். அகராதியைத் திறப்பதற்கு முன் ஒருமுறை வாய்க்காலைப் பார்த்துவிட்டு வருவது நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

கலக்கம் என்ற சொல்லுக்கு அடிப்படைப் பொருள் நீரைப் பற்றியதா, மனத்தைப் பற்றியதா?

பழைய நூல்களிலேயே இரண்டு பொருளும் உண்டு. ஆனால் சொல்லுக்குள் இருக்கும் காட்சி நீருடையது.

மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்படும் தண்ணீர் சில நாட்களில் கல்லணைக்கு வந்துசேர்கிறது. அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, கிளை வாய்க்கால்களில் இறங்குகிறது. கோடை முழுவதும் காய்ந்து கிடந்த வாய்க்காலில் முதல் தண்ணீர் நுழையும்போது கரையில் நின்று பாருங்கள். முன்னால் நுரையும் சருகும் வைக்கோல் துரும்பும் வரும். அதன் பின்னால் பழுப்பு நிறத்தில் நீர். தரையோடு தரையாகக் கிடந்த மண்ணை நீரின் வேகம் கிளப்பிவிடுகிறது. அதுதான் கலக்கம்.

ஆகவே கலக்கத்துக்கு இரண்டு வேண்டும்: அடியில் படிந்து கிடக்கும் ஒன்று, அதை எழுப்பிவிடும் ஓர் அசைவு. பாறைமேல் ஓடும் நீர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் கலங்குவதில்லை. அடியில் முழங்கால் அளவு சேறு கிடக்கும் குளமும் யாரும் இறங்காதவரை தெளிவாகவே இருக்கும்.

மனத்துக்கும் இதையே பொருத்திப் பார்க்கிறேன். பஸ் வர நேரமாகிறது என்றால் வருவது பரபரப்பு. இரண்டு வேலைகளில் எதை ஏற்பது என்று தெரியாவிட்டால் அது குழப்பம். தந்தை இறந்துபோன மருத்துவமனையின் வாசலில், பல ஆண்டுகள் கழித்து, வேறொருவரைப் பார்க்கப் போய் நிற்கிறோம். ஒரு கணம் பேச்சு வரவில்லை. அதற்குத்தான் கலக்கம் என்று பெயர். ஏற்கெனவே உள்ளே இருந்தது எழுந்து வந்திருக்கிறது. எல்லா இடத்திலும் இப்படித்தான் இச்சொல் ஆளப்படுகிறது என்று சொல்லமாட்டேன். ஆனால் மிகச் சரியாகப் பொருந்தும் இடம் இதுவே.

கலங்கல் தண்ணீர் என்றால் அழுக்குத் தண்ணீர் என்று எழுதலாமா?

கூடாது. இரண்டும் வேறு. சாக்கடை நீர் அழுக்கு நீர். புதுவெள்ளத்தில் வருவது கலங்கல் நீர். அது தாங்கி வரும் மண்ணுக்கு வண்டல் என்று பெயர். டெல்டா என்று நாம் சொல்லும் இந்த நிலம் முழுவதும் காவிரி பல்லாயிரம் ஆண்டுகளாகக் கலங்கி ஓடியதால் உண்டானது. ஆறு தெளிந்தே ஓடியிருந்தால் தஞ்சாவூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் இந்த மண் கிடைத்திருக்காது.

1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பிறகு நிலைமை மாறியது. 120 அடி உயரத்துக்கு நீர் தேங்கும் அந்த நீர்த்தேக்கத்தில் நீரின் வேகம் அடங்கிவிடுவதால், மேலிருந்து வரும் வண்டலில் பெரும்பகுதி அங்கேயே படிந்துவிடுகிறது. அணைக்குக் கீழே பவானியும் நொய்யலும் அமராவதியும் வந்து சேரும்போதுதான் ஆற்றுக்கு மீண்டும் நிறம் ஏறுகிறது.

கலங்கு, கலக்கு: எப்போது எது?

தானாக நிகழ்ந்தால் கலங்கு, ஒருவர் செய்தால் கலக்கு. ‘நீர் கலங்கியது’, ‘யானை நீரைக் கலக்கியது’. மெல்லின எழுத்து வந்தால் தன்வினை, அது வல்லினமாக இரட்டித்தால் பிறவினை. நடுங்கு–நடுக்கு, மயங்கு–மயக்கு, அடங்கு–அடக்கு, குழம்பு–குழப்பு எல்லாம் இதே வழியில் செல்பவை.

கவனிக்க வேண்டியது பெயர்ச்சொல். கலங்கு என்பதிலிருந்து வரும் பெயர் ‘கலங்கம்’ ஆவதில்லை, கலக்கம்தான். நடுங்கு–நடுக்கம், மயங்கு–மயக்கம், விளங்கு–விளக்கம் என்பவையும் அப்படியே. மாணவர் கட்டுரைகளில் ‘மனக் கலங்கம்’ என்று எழுதப்படுவதைப் பார்க்கிறேன். அது பிழை. ‘களங்கம்’ என்று ளகரம் போட்டால் மாசு, பழி என்று வேறு சொல்லாகிவிடும்.

கலக்கத்துக்கு எதிர்ச்சொல் அமைதியா, தெளிவா?

தெளிவு. இந்தக் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் இந்தச் சொல்லின் அழகு முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

நாற்றங்காலை எடுத்துக்கொள்ளுங்கள். வயலில் நீர் கட்டி, சேற்றுழவு ஓட்டி, பரம்புப் பலகையால் சமன் செய்தவுடன் பார்த்தால் வயல் முழுக்கக் குழம்பாகக் கிடக்கும். அந்த நேரத்தில் முளைகட்டிய விதையைத் தெளிப்பதில்லை. தெளித்தால் விதை மிதக்கும் சேற்றோடு உள்ளே இறங்கி, மேலே மண் மூடி, மூச்சு முட்டி அழுகிவிடும். கொஞ்ச நேரம் விட்டுவிட வேண்டும். முதலில் மணல் இறங்கும், பிறகு வண்டல், கடைசியாகக் களி. மேலே மெல்லிய தகடு போல நீர் தெளிந்து, அடியில் சேற்றின் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியும்போது விதை விழுந்தால், புதையாமல் சேற்றின்மேல் ஒட்டிக்கொண்டு நிற்கும். சேறு தெளிந்த பிறகு விதை தெளிக்க வேண்டும். ‘தெளி’ என்ற ஒரே வடிவம், ‘தெளிந்து’ ஒரு வினை, ‘தெளித்து’ மற்றொரு வினை.

சில நீர் தானாகத் தெளியாது. களிமண்ணின் நுண்துகள்கள் எல்லாம் ஒரே வகை மின்னேற்றம் கொண்டவை. ஒன்றையொன்று விலக்கிக்கொண்டே இருப்பதால் ஒன்றுசேர்ந்து கனமாகிக் கீழே இறங்க முடிவதில்லை. வெள்ளக் காலத்தில் குடத்து நீரில் படிகாரத்தைச் சுற்றுகிறோமே, அது அந்த மின்னேற்றத்தை ஈடுசெய்கிறது. துகள்கள் திரண்டு படிந்துவிடுகின்றன. கழிமுகத்தில் கடலின் உப்பு இதே வேலையைச் செய்கிறது. ஆற்று நீர் உப்பு நீரைத் தொட்டவுடன் சேறு படியத் தொடங்குவது அதனால்தான்.

படிகாரத்துக்கு முன்பே நம்மவர்களுக்குத் தெரிந்தது தேற்றாங்கொட்டை. வட்டமாக, சற்றுத் தட்டையாக, பொத்தான் அளவில் இருக்கும். மண்பானையின் உட்புறத்தில் சிறிது நீர் விட்டு இந்தக் கொட்டையைத் தேய்த்து, அந்தப் பானையில் கலங்கல் நீரை ஊற்றி வைத்தால் நீர் தெளிந்துவிடும். தேற்றுவதால் அந்த மரத்துக்கே தேற்றா மரம் என்று பெயர். இப்போது துக்க வீட்டை நினைத்துப் பாருங்கள். அங்கேயும் நாம் செய்வது தேற்றுதல்தான். ‘அழுதுகொண்டிருந்தவளைத் தேற்றினார்கள்’, ‘மனத்தைத் தேற்றிக்கொண்டான்’, ‘உடம்பு தேறிவிட்டது’. நீருக்கும் மனத்துக்கும் உடலுக்கும் ஒரே வினை.

இது தற்கால ஒப்புமை என்று எண்ண வேண்டாம். கலித்தொகையின் நெய்தற்கலியில், பிரிவினால் கலங்கிய ஒரு பெண் தலைவன் வந்து சேர்ந்ததும் தெளிந்ததை, இந்தக் கொட்டையால் தேற்றப்பட்ட கலங்கல் நீரோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். அங்கே தேற்றா மரத்துக்கு ‘இல்லம்’ என்று பெயர்.

‘அமைதி’யை எதிர்ச்சொல்லாகப் போடுவது இதையெல்லாம் தொலைத்துவிடுகிறது. அமைதி என்பது அசைவு நின்ற நிலை. அசைவு நின்ற பிறகும் நீர் நெடுநேரம் கலங்கலாகவே இருக்கக்கூடும், மனமும் அப்படித்தான்.

‘கலங்காது’, ‘துளங்காது’ இரண்டும் ஒன்றுதானே? வள்ளுவர் ஏன் இரண்டையும் சொல்கிறார்?

வினைத்திட்பம் அதிகாரத்தில் உள்ள 668-ஆம் குறளைக் கேட்கிறீர்கள்:

கலங்காது கண்ட வினைக்கண் துளங்காது
தூக்கங் கடிந்து செயல்.

மனம் கலங்காமல் ஆராய்ந்து கண்ட செயலில், தளராமல், காலம் தாழ்த்தாமல் ஈடுபட வேண்டும் என்பது பொருள். துளங்குதல் என்றால் அசைதல், ஆட்டம் காணுதல். கலங்குவது முடிவெடுக்கும்போது நேரும் கேடு. துளங்குவது முடிவெடுத்த பிறகு நேரும் கேடு. முதலாவது பார்வையைக் கெடுக்கிறது, இரண்டாவது பிடிப்பைக் கெடுக்கிறது.

மூன்றாவதாக ஒரு சொல் இருக்கிறது, பலரும் அதைக் கவனிப்பதில்லை. இங்கே தூக்கம் என்பது உறக்கம் அன்று, காலந்தாழ்த்துதல். தூங்குதல் என்றால் தொங்குதல், ஊசலாடுதல் என்ற பொருளும் உண்டு. பனையிலும் ஈச்சையிலும் கூடு தொங்கவிடும் தூங்கணாங்குருவியின் பெயரில் அந்தப் பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. கலங்குதல், துளங்குதல், தூங்குதல்: ஏழு சீருக்குள் மூன்று அசைவுகளை வைத்து, மூன்றையும் மனத்தின்மேல் ஏற்றிக் காட்டியிருக்கிறார்.

துளங்கு என்ற சொல்லை உலகமே ஆடும் அளவுக்குப் பெரிதாக்கியவர் அப்பர். ‘வானம் துளங்கிலென், மண்கம்பம் ஆகிலென்’ என்று தொடங்கும் திருவிருத்தப் பாடலில் வானமும் மண்ணும் மலையும் நிலைமாறினாலும் அடியார்க்கு என்ன என்று கேட்கிறார். அவர் இறுதிக் காலத்தைக் கழித்த திருப்புகலூர் நம் பகுதியில்தான் இருக்கிறது.

‘அலமரல்’ என்பது என்ன? தேர்வில் கேட்டிருக்கிறார்கள்.

தொல்காப்பியத்தின் உரியியலில் ‘அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி’ என்று வருகிறது. அலமரல், தெருமரல் என்ற இரண்டு உரிச்சொற்களுக்கும் சுழற்சி என்பது பொருள். கொள்ளிடத்தில் வெள்ளம் போகும்போது நீர்ச்சுழல் ஒரு மட்டையை இழுத்து, ஓரிடத்திலேயே சுற்றவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். மட்டை முன்னாலும் போகாது, கரையும் ஏறாது. அந்தச் சுழற்சிதான் பின்னால் மனத்துயரத்துக்கும் பெயராயிற்று. ‘அலமந்து நின்றாள்’ என்றால் என்ன செய்வதென்று தெரியாமல் மனம் சுழன்று நின்றாள் என்று கொள்ள வேண்டும். ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப நினைத்து இரவு முழுவதும் விழித்திருப்பவருடைய நிலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் நம்மிடம் இல்லை. வழக்கொழிந்துபோனது எனக்கு வருத்தம்தான். கவிதை எழுதுகிறவர்களாவது எடுத்தாள வேண்டும்.

அதே உரியியல் அதிர்வையும் விதிர்ப்பையும் நடுக்கத்தோடு சேர்க்கிறது. உடல் அசைவுக்கும் உள்ளத்து அச்சத்துக்கும் பொதுவான சொற்களைத் தமிழ் எவ்வளவு காலமாக வைத்திருக்கிறது என்பதற்கு அது சான்று.

குழப்பம், மயக்கம், தடுமாற்றம், தத்தளிப்பு: எதை எங்கே எழுதுவது?

மயக்கம் என்றால் இன்று தலைசுற்றி விழுவது. இலக்கணத்தில் அதன் பொருள் கலந்து நிற்றல். மெய்ம்மயக்கம், திணை மயக்கம் என்பவை அப்படி வந்தவை. எது எது என்று பிரித்தறிய முடியாமல் கலந்துபோனால் அறிவு மயங்குகிறது.

குழப்பம் பல பொருள்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்ட நிலை. அதை விளக்கத்தால் தீர்க்கலாம். கலக்கத்தை விளக்கத்தால் தீர்க்க முடியாது. அழுதுகொண்டிருப்பவரிடம் காரணகாரியம் எடுத்துச் சொல்லிப் பயனில்லாமல் போவது இதனால்தான்.

தடுமாற்றம் காலுக்குரியது. வழுக்கும் வரப்பில் நடப்பவருக்கு உடம்பு தடுமாறும், முடிவெடுக்கத் தெரியாதவருக்கு மனம் தடுமாறும். தத்தளிப்பு நீரில் மூழ்காமல் கைகால் அடிப்பது. கடனில் தத்தளிப்பவர் இன்னும் மூழ்கவில்லை என்பதை அந்தச் சொல் காட்டுகிறது.

சலனம் தமிழ்ச் சொல்லா?

வடமொழியிலிருந்து வந்தது. ‘சல்’ என்ற வேருக்கு அசைதல் என்று பொருள். திரைப்படத்தை முதலில் சலனப்படம் என்றே அழைத்தார்கள். சஞ்சலமும் இதே வேர். அசையாதது அசலம், அதாவது மலை. அருணாசலம், வேங்கடாசலம் என்று பெயர் வைத்திருப்பவர்கள் எல்லோரும் அசையாதவர்கள். வேர் வடமொழியானாலும் ‘மனம் சலனப்பட்டது’ என்பதைத் தமிழர் தமக்குரியதாக்கிக்கொண்டுவிட்டார்கள். தயக்கமின்றி எழுதலாம். ஆனால் சலனம் சிறிய அசைவு. பெருந்துயரத்துக்கு அதைப் பயன்படுத்தினால் துயரம் சிறுத்துவிடும்.

கலகம், கலவரம் ஆகியவையும் கலக்கத்தின் உறவா?

ஒலி ஒற்றுமையை வைத்து உறவு சொல்லக் கூடாது. கலகம் வடமொழிக் ‘கலஹ’த்திலிருந்து வந்தது, சண்டை என்று பொருள். கலவரம் இன்று செய்தித்தாளில் வன்முறை என்ற பொருளிலேயே வருகிறது. ஆனால் ‘தந்தியைக் கண்டதும் அம்மா கலவரமடைந்தாள்’ என்று எழுதும் வழக்கும் இருக்கிறது. அங்கே அது திகில். வெளியே தெருவில் நடப்பதற்கும் உள்ளே நெஞ்சில் நடப்பதற்கும் ஒரே சொல்.

கொந்தளிப்பு கடலுக்கு மட்டும் உரியதா?

முதலில் கடலுக்குத்தான். புயல் நேரத்தில் வானொலியில் ‘கடல் கொந்தளிப்பாக இருக்கும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்று அறிவிப்பார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரையைக் கடந்து, பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. அதன் பிறகு நிவாரணம் வரவில்லை என்று மக்கள் சாலையில் அமர்ந்தபோது ‘மக்கள் கொந்தளிப்பு’ என்று எழுதுவதும் சரியே. கொந்தளிப்பு மேலே பொங்கி எழுவது, எல்லோர் கண்ணுக்கும் தெரிவது. கலக்கம் அப்படி வெளியே தெரியாது. நட்டு வளர்த்த மரங்கள் வேரோடு கிடந்த தோப்பில் ஒன்றும் பேசாமல் நின்ற விவசாயிக்குக் கொந்தளிப்பு என்ற சொல் பொருந்தாது.

கண் கலங்குதல், கதிகலங்குதல், தூக்கக் கலக்கம், வயிற்றைக் கலக்குதல்?

கண்ணில் நீர் கட்டிப் பார்வை மங்குவது கண் கலங்குதல்; கண்ணீர் வழிந்துவிட்டால் அது அழுகை. கதி என்றால் செல்லும் போக்கு. போகும் வழியே தெரியாமல் போகும் அளவுக்கு அஞ்சுவது கதிகலங்குதல். தூக்கக் கலக்கம் விழிப்பும் உறக்கமும் பிரியாத நிலை. வயிற்றைக் கலக்குவது நோயாகவும் இருக்கலாம், தேர்வு முடிவு நாளாகவும் இருக்கலாம்.

பதற்றமா, பதட்டமா?

பதறு என்பதிலிருந்து பதற்றம், முன்னேறு–முன்னேற்றம் போல. பதட்டம் பேச்சில் திரிந்த வடிவம். எழுத்தில் பதற்றம் என்றே இருக்கட்டும்.

‘மூளை கலங்கியவர்’, ‘புத்தி கலங்கியவர்’ என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். ‘சித்தம் கலங்குதல்’ என்பது பழைய தொடர்தான். மனக்கலக்கம் தீர வேண்டி வருகிறவர்கள் திருவிடைமருதூர்க் கோயிலில் ஒரு வாயிலில் நுழைந்து மற்றொரு வாயிலில் வெளியேறும் வழக்கம் இன்றும் உண்டு. தன்னைப் பிரம்மகத்தி, அதாவது அந்தணரைக் கொன்ற பழி, துரத்த வந்த வரகுண பாண்டியனுக்கு, அது உள்ளே நுழைய முடியாமல் வாசலிலேயே நின்றுவிட்டதால் விடுதலை கிடைத்தது என்பது தலவரலாறு. மனத்தைத் துரத்தும் ஒன்றை விட்டுவிட்டு வர ஒரு வழி வேண்டும் என்ற ஏக்கம் அந்தக் கதையில் இருக்கிறது. அந்த நம்பிக்கையோடு வருகிறவர்களை நான் மதிக்கிறேன்.

ஆனால் நோய்க்கு நோயின் பெயரே வேண்டும். மனச்சோர்வு, பதற்ற நோய், மனச்சிதைவு என்று மருத்துவப் பெயர்கள் தமிழில் நிலைத்துவிட்டன. ‘மூளை கலங்கியவர்’ என்று ஒருவரை எழுதினால், அவர் முழுவதையும் ஒரு வசைச் சொல்லுக்குள் அடைத்துவிடுகிறோம். வாரக்கணக்கில் உறக்கமில்லை, உணவில்லை, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் தானாகத் தெளியட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளிலும் மனநல மருத்துவர் இருப்பார்.

‘கலக்கிவிட்டார்’ என்று பாராட்டுகிறார்களே, அது தவறான வழக்கா?

தவறில்லை. கோயில் திருவிழாவில் தவில் தனி ஆவர்த்தனம் முடிந்ததும் கூட்டத்தில் யாராவது இப்படிச் சொல்லாமல் இருப்பதில்லை. உட்கார்ந்திருந்த கூட்டத்தை வாசிப்பு அசைத்துவிட்டது என்றுதான் பொருள். கலக்கு என்ற வினையின் இயல்புக்கு மாறாக ஒன்றும் இல்லை. மேடைப் பேச்சிலும் நண்பர்களுக்கு எழுதும் கடிதத்திலும் வரட்டும். விருதுப் பட்டயத்திலும் நூல் மதிப்புரையிலும் மட்டும் வேறு சொல் தேடுங்கள். ‘அவையைக் கட்டிப்போட்டார்’ என்று எழுதினால் போதும்.